கடலோர வெயிலில் கணினி: வேகத்தையும் ஃபேனையும் யார் கையில் கொடுப்பது?

போன கத்திரியில் ஒரு மத்தியானம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீடியோ எடிட்டிங் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. ஏ.சி. சர்வீசுக்குப் போயிருந்த வாரம் அது. சுவரில் மாட்டிய வெப்பமானி 36 காட்டியது. சித்திரையில் நடந்த கல்யாணம் ஒன்றின் வீடியோவை மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். ரெண்டர் (வெட்டி ஒட்டிய காட்சிகளை ஒரே வீடியோவாக்கும் வேலை) போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது, ஒரு குறையும் இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்து ஃபோல்டருக்கு மாப்பிள்ளை பெயரைத் தட்டச்சு செய்து கொண்டிருந்தேன். பாதிப் பெயரில் திரை அணைந்தது. மூன்று வினாடி கழித்துக் கணினி தானாக மறுபடி எழுந்தது.

அதற்கு முன்பே பத்துப் பதினைந்து நாளாக இன்னொரு தொல்லையும் இருந்தது. சும்மா இருக்கும்போதே ஃபேன் பத்து வினாடிக்கு ஒரு தடவை விர்ரென்று ஏறும், உடனே இறங்கும். வாய்ஸ் பதிவு செய்யும் நேரத்தில் அந்தச் சத்தம் மைக்கில் விழும். இரண்டுக்கும் ஒரே காரணம் என்றுதான் நினைத்திருந்தேன்: வெயில், சூடு. பாண்டியில் சர்வீஸ் பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, ரெண்டர் ஓடும்போது விழுந்ததா, சும்மா இருக்கும்போது விழுந்ததா?" சும்மா இருக்கும்போது என்றேன். "அப்ப சூடு இல்லண்ணே. வோல்டேஜைப் பாருங்க" என்றார்.

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை. கணினியின் மூளையான புராசஸரின் வேகத்தைத் தானாக ஏற்றுவதற்கும் ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்கும் இன்று நம் முன்னால் நாலைந்து வழிகள் இருக்கின்றன. மதர்போர்டு கம்பெனி தரும் மென்பொருள், புராசஸர் கம்பெனியே தரும் மென்பொருள், ஃபேன்கண்ட்ரோல் போன்ற இலவச மென்பொருள், விண்டோஸ் எழுவதற்கு முன்பே மதர்போர்டுக்குள் இருக்கும் அமைப்புத் திரையான பயாஸ், எதையும் தொடாமல் விடுவது. எது நல்லது என்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் சோதித்த முடிவுகள்தான் கிடைக்கும். நம் அறை அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூட. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி புராசஸரும் ஏறும். அதனால் அவர்களுக்குச் சரியாக இருக்கும் அமைப்பு கடலூரிலும் பாண்டியிலும் எல்லையைத் தொட்டுவிடும்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். வேகம் வேறு, ஃபேன் வேறு. ஒரே மென்பொருளின் ஒரே ஜன்னலில் இரண்டு பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஒன்றுபோலத் தெரிகிறது. பழுது பார்க்கும்போது இரண்டையும் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் எந்த வழி நல்லது என்று முடிவெடுக்கவே முடியாது.

என் கணினியில் இருப்பது ரைசன் 7 5700எக்ஸ். எட்டு கோர், அதாவது தனித்தனியே வேலை செய்யும் எட்டுப் பகுதிகள்; ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதால் பதினாறு திரெட். கம்பெனி நிர்ணயித்த மின்வரம்பு 76 வாட், சூட்டின் உச்ச வரம்பு 90 டிகிரி. வாங்கிய புதிதில் மதர்போர்டோடு வந்த மென்பொருளில் 'தானியங்கி' பட்டனை அழுத்தியிருந்தேன். அது தானே சோதித்து, தானே அமைத்து, ரீஸ்டார்ட் ஆகி, வாழ்த்துச் சொன்னது. என்ன செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு பயாஸுக்குள் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மின்வரம்பைத் தூக்கியிருக்கிறது, எல்லா கோருக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 30 போட்டிருக்கிறது.

கர்வ் ஆப்டிமைசர் என்பது ரைசன் 5000 வரிசையோடு வந்த வசதி. ஒவ்வொரு கோருக்கும் எந்த வேகத்தில் எவ்வளவு வோல்டேஜ் என்று ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைக் கீழே இறக்குகிறோம். ஒரு எண் இறக்கினால் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், மிச்சமாகும் இடத்தில் வேகம் ஏறும். நல்ல வசதிதான். ஆனால் எட்டு கோரும் ஒரே மாதிரி பிறப்பதில்லை. ஒன்று மைனஸ் 30 தாங்கும், பக்கத்தில் இருப்பது மைனஸ் 10-லேயே தடுமாறும். எல்லாவற்றுக்கும் மொத்தமாக 30 என்பது ஒரு வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது மாதிரி.

ரெண்டரில் தாங்கிய கணினி தட்டச்சு செய்யும்போது விழுந்ததன் காரணமும் இதுவே. எட்டு கோரும் சேர்ந்து உழைக்கும்போது மின்வரம்பு குறுக்கே நிற்பதால் வேகம் கொஞ்சம் இறங்கியே ஓடும். ஒரே ஒரு கோர் ஒரு சின்ன வேலைக்கு எழும்போதுதான் அது 4.6 கிகாஹெர்ட்ஸ் உச்சிக்குத் தாவும். அந்த உச்சியில் வோல்டேஜ் பற்றாமல் போனால் விழும். ஆகவே எல்லா கோரையும் சேர்த்துச் சோதிக்கும் சினிபெஞ்சை அரை மணி ஓட்டிவிட்டு "நிலையாக இருக்கிறது" என்று சொல்வதில் பொருளில்லை. ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதிக்கும் கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியை ராத்திரி முழுக்க ஓட்டினால்தான் பலவீனமான கோர் மாட்டும்.

விண்டோஸே அந்தக் கோரைக் காட்டிக் கொடுக்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளுக்குப் போனேன். முதலில் கண்ணில் பட்டது கெர்னல்-பவர் 41. அதைப் பார்த்துப் பவர் சப்ளை போச்சு என்று முடிவுகட்டி மாற்றுகிறவர்கள் நிறைய. "முறையாக மூடாமல் அணைந்துவிட்டது" என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு பொருள் இல்லை. அதை ஒட்டி, டபிள்யூ.எச்.இ.ஏ.-லாகர் என்ற பெயரில் எண் 18 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இருந்தது. 'கேஷ் ஹைரார்க்கி எரர்' என்று எழுதி, கீழே 'புராசஸர் ஏபிக் ஐடி: 10' என்று போட்டிருந்தது. ஒரு கோருக்கு இரண்டு திரெட் என்பதால் என்னுடையது போன்ற புராசஸரில் அந்த எண்ணை இரண்டால் வகுக்க வேண்டும். பத்து என்றால் ஐந்தாவது கோர், பூஜ்யத்திலிருந்து எண்ணினால். முந்தைய வாரங்களின் பதிவுகளையும் தேடினேன். மூன்று தடவை விழுந்திருக்கிறது, மூன்றிலும் 10 அல்லது 11. அதே கோர்.

ஃபேன் ஏறி இறங்கியதற்கு வேறு கதை. ரைசனின் கோர்கள் இருக்கும் சில்லு மிகச் சிறியது. ஒரு ஃபைலைத் திறந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் பத்துப் பதினைந்து டிகிரி தாவும், உடனே இறங்கும். மேலே உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள், அதாவது ஹீட்சிங்க், அதற்குள் சூடாகியே இருக்காது. ஆனால் ஃபேன் அந்தத் தாவலைப் பார்த்துப் பயந்து ஓடும். குளிர்ந்த அறையில் சும்மா இருக்கும் புராசஸர் 35-லிருந்து 48-க்குத் தாவினால் ஃபேன் கர்வின் (எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகம் ஓட வேண்டும் என்ற கோட்டின்) தட்டையான பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். நம் ஊரில் 50-லிருந்து 63-க்குத் தாவும். அது கர்வ் செங்குத்தாக ஏறும் இடம். அதனால்தான் மார்கழியில் அமைதியாக இருந்த கணினி சித்திரையில் கத்துகிறது. மென்பொருள் கெட்டுப் போகவில்லை, கர்வ் நம் ஊருக்குப் போட்டதில்லை.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம்.

மதர்போர்டு கம்பெனிகளின் மென்பொருள்களில் தொடங்குகிறேன். ஆசுஸில் ஏ.ஐ. சூட், ஆர்மரி கிரேட், எம்.எஸ்.ஐ.யில் எம்.எஸ்.ஐ. சென்டர், கிகாபைட்டில் முன்பு ஈஸிட்யூன், இப்போது கிகாபைட் கண்ட்ரோல் சென்டர், ஆஸ்ராக்கில் ஏ-ட்யூனிங். இவற்றின் நன்மை உண்மையானது: பயாஸுக்குள் போகப் பயப்படுகிறவர்கள் மவுசை வைத்தே எல்லாம் செய்யலாம். ஒவ்வொரு ஃபேனையும் தானே ஓட்டிப் பார்த்து, எந்த அளவுக்குக் கீழே அது நின்றுபோகும் என்று கண்டுபிடிக்கும் சோதனை இவற்றில் சிலவற்றில் உண்டு. புது ஃபேன் மாட்டும்போது அது உபயோகமானது.

ஆனால் இவை விண்டோஸ் எழுந்த பிறகுதான் எழும். ஃபேனின் பொறுப்பை மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்னக் கண்காணிப்புச் சில்லு பார்த்துக்கொள்கிறது. நுவோடான் அல்லது ஐ.டி.இ. கம்பெனியின் சில்லுதான் பெரும்பாலும். மென்பொருள் அந்தச் சில்லிடம் "இனி நான் சொல்கிற வேகத்தில் ஓடு" என்று சொல்லிவிட்டு, நடுவில் அதுவே உறைந்துபோனால், சில்லு கடைசியாகக் கேட்ட வேகத்திலேயே நின்றுவிடலாம். அந்தக் கடைசி வேகம் 30 சதவீதமாக இருந்து, நீங்கள் அப்போதுதான் ரெண்டர் தொடங்கினால்? புராசஸர் தன் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், எரிந்துபோகாது. வேலை மட்டும் இழுக்கும், காரணமும் புரியாது.

இரண்டாவது பிரச்சினை, ஒரே சில்லிடம் இரண்டு பேர் பேசுவது. போர்டு மென்பொருள் ஒன்று, சூட்டைப் பார்க்க இன்னொன்று, கேபினட் விளக்குக்கு மூன்றாவது என்று எல்லாம் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் பதில்கள் கலந்துபோகும். 255 டிகிரி, பூஜ்யம் ஆர்.பி.எம். என்றெல்லாம் அபத்தமான எண்கள் வரும், அதை நம்பி ஃபேன் திடீரென்று முழு வேகத்தில் ஓடும். அப்படி வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மூடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, விண்டோஸ் 11-இல் கோர் ஐசொலேஷன் பகுதியில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி. பழைய டிரைவர்களை அது உள்ளே விடாது. "டிரைவரை ஏற்ற முடியவில்லை" என்று செய்தி வரும், மென்பொருள் திறக்கும், ஆனால் எண்கள் காலியாக இருக்கும். பல இடங்களில் இதற்கு மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். ஃபேனுக்காக வீட்டு வாசல் பூட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அந்த மென்பொருளின் புதிய பதிப்பைப் போடுங்கள், அதுவும் ஒத்துவரவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டாலும் இந்த மென்பொருள் "நிறுவட்டுமா?" என்று மறுபடி வந்து நிற்கும். வைரஸ் என்று நினைத்துப் பயந்தவர்களை எனக்குத் தெரியும். பயாஸுக்குள்ளேயே இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது: ஆசுஸில் ஆர்மரி கிரேட்டை இறக்குவது பற்றிய வரி, எம்.எஸ்.ஐ.யில் டிரைவர் யுடிலிட்டி இன்ஸ்டாலர், கிகாபைட்டில் யுடிலிட்டீஸ் டவுன்லோடர். அதை முதலில் அணைத்துவிட்டுப் பிறகு நீக்க வேண்டும். ஆர்மரி கிரேட்டை நீக்க அந்தக் கம்பெனியே தனிக் கருவி வைத்திருக்கிறது. சாதாரண அன்இன்ஸ்டால் பின்னணிச் சேவைகளை விட்டுவைத்துவிடலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஷட்டவுன் செய்து காலையில் திறந்தால் கோளாறு, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது என்றால் அது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் வேலை. அது இருக்கும்போது ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை; டிரைவர்களின் நிலையை அப்படியே சேமித்து வைத்துக் காலையில் திரும்ப எடுக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்தால் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கும். எஸ்.எஸ்.டி. இருக்கும் கணினியில் சில வினாடிதான் கூடும்.

புராசஸர் கம்பெனிகளின் மென்பொருள்கள், ஏ.எம்.டி.க்கு ரைசன் மாஸ்டர், இன்டெலுக்கு எக்ஸ்ட்ரீம் ட்யூனிங் யுடிலிட்டி, வேகத்தைப் பொறுத்தவரை போர்டு மென்பொருளைவிட நேர்மையானவை. என்ன மாற்றுகிறோம் என்று எண்ணோடு காட்டும். ரைசன் மாஸ்டர் ஒவ்வொரு கோராகச் சோதித்து கர்வ் ஆப்டிமைசர் எண்ணைத் தானே பரிந்துரைக்கும். மொத்தமாக மைனஸ் 30 போடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அதன் முடிவைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஐந்து எண் பின்வாங்கி வைப்பது நம் வெயிலுக்கு நல்லது. இன்டெலின் கருவியால் பெயரில் கே இருக்கும் புராசஸர்களில்தான் வேகத்தை ஏற்ற முடியும். கே இல்லாத ஐ5-ஐ வாங்கிவிட்டு அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

2022 ஏப்ரலில் ஒரு விவகாரம் வந்தது நினைவிருக்கலாம். ரேடியான் கிராபிக்ஸ் கார்டுக்கான அட்ரினலின் மென்பொருளில் ரைசன் மாஸ்டரின் ஒரு பகுதியைச் சேர்த்திருந்தார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு புரொஃபைல் போட்டால், சிலருக்குக் கேட்காமலேயே பயாஸில் புராசஸரின் அமைப்பும் மாறியது. ஏ.எம்.டி. அதை ஒப்புக்கொண்டது. ரைசனும் ரேடியானும் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் "நான் எதையும் தொடவில்லையே" என்று சொன்னாலும் பயாஸில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

உத்தரவாதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்வரம்பைத் தூக்க விடும் பி.பி.ஓ. எனப்படும் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், கர்வ் ஆப்டிமைசர் எல்லாம் ஏ.எம்.டி. தானே தந்த வசதிகள்தான். ஆனாலும் ஓவர்கிளாக்கிங்கால், அதாவது கம்பெனி நிர்ணயித்ததற்கு மேல் ஓட்டுவதால், வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், அந்த வசதி அவர்கள் மென்பொருளிலேயே இருந்தாலும்.

ஃபேன்கண்ட்ரோல் எனக்குப் பிடித்த மென்பொருள். இலவசம். வேகத்தைத் தொடாது, ஃபேன் மட்டுமே. பயாஸால் முடியாத ஒன்றை இது செய்யும்: கிராபிக்ஸ் கார்டின் சூட்டைப் பார்த்துக் கேபினட் ஃபேனை ஓட்டும். பயாஸில் பெரும்பாலும் கேபினட் ஃபேன் புராசஸரையோ போர்டையோதான் பார்க்கும். கேம் ஆடும்போதோ கலர் கிரேடிங் செய்யும்போதோ கார்டு 80-ஐத் தொட்டுக் கேபினட்டே வெந்து கொண்டிருக்கும், முன் ஃபேன் ஒன்றும் தெரியாமல் மெதுவாகச் சுற்றும். இரண்டில் எது அதிகமோ அதைப் பின்பற்று என்று ஃபேன்கண்ட்ரோலில் சொல்லலாம். இவ்வளவு நொடிக்குச் சராசரி எடுத்துக்கொள் என்றும் சொல்லலாம். ரைசனின் தாவலுக்கு அதுதான் மருந்து.

இதற்கும் ஒரு சோதனை வந்தது. 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் பலருடைய கணினியில் ஃபேன்கண்ட்ரோலின் ஒரு ஃபைலை ஆபத்தானது என்று பிடித்து அடைத்தது, ஃபேன்கள் ஒரே நாளில் கட்டுப்பாடு இழந்தன. காரணம், அது நம்பியிருந்த வின்ரிங்0 என்ற பழைய டிரைவர். அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2020-லேயே பதிவானது. ஆகவே டிஃபெண்டர் செய்தது தவறு என்று சொல்லமாட்டேன். பிறகு வந்த பதிப்புகள் பான்ஐஓ என்ற வேறு டிரைவருக்கு மாறிவிட்டன. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு டிஃபெண்டரில் விலக்குக் கொடுப்பதைவிடப் புதியதை நிறுவுவதுதான் முறை. ஸ்பீட்ஃபேன் என்ற பழைய மென்பொருளை இன்னும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாதது, இன்றைய போர்டுகளுக்கு அது வேண்டாம்.

கடைசியாக பயாஸ். நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். காரணம் ஒன்றே ஒன்று: விண்டோஸ் விழுந்தாலும், அப்டேட் ஆனாலும், லினக்ஸ் போட்டாலும் அது மாறாது. சில்லிடம் கர்வைக் கொடுத்துவிட்டால் சில்லே பார்த்துக்கொள்ளும், நடுவில் யாரும் உறைந்துபோக வாய்ப்பில்லை.

போர்டை முழுக்கப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் எதையும் தொடாமல் ஓட்டினேன். ஒரு தடவைகூட விழவில்லை. பிறகு ஒவ்வொன்றாக. ரேமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்.எம்.பி. புரொஃபைலை ஏற்றினேன், மூன்று நாள். அதுவும் ஒருவகை ஓவர்கிளாக்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரைசன் 5000-க்கு அதிகாரப்பூர்வ ரேம் வேகம் 3200, நாம் 3600 குச்சியைச் செருகிவிட்டுப் புராசஸரைத் திட்டுவோம். அடுத்து கர்வ் ஆப்டிமைசர், மற்ற கோர்களுக்கு மைனஸ் 15, அந்த ஐந்தாவது கோருக்கு மைனஸ் 5. மின்வரம்பை 76-லேயே விட்டேன். தானியங்கி அமைப்பில் வரம்பைத் தூக்கியிருந்தபோது என் இருபது நிமிட ரெண்டர் ஒன்றரை நிமிடம் முன்னால் முடிந்தது, சூடு 86-ஐத் தொட்டது. இப்போது அந்த ஒன்றரை நிமிடத்தில் பாதி போய்விட்டது, சூடு 36 டிகிரி அறையில் 74-ஐத் தாண்டவில்லை. கணினி விழுந்தால் முழு ரெண்டரும் முதலிலிருந்து. கணக்கு எனக்குத் தெளிவாகவே இருக்கிறது.

ஃபேன் கர்வில் நான் போட்ட எண்கள் இவை: 60 டிகிரி வரை 40 சதவீதத்தில் தட்டையாக, 72-இல் 60 சதவீதம், 85-இல் முழு வேகம். 60 வரை தட்டையாக விட்டதுதான் சத்தத்தை நிறுத்தியது. அதோடு ஃபேன் வேகம் ஏறுவதற்கான தாமதத்தை, சில போர்டுகளில் ஸ்டெப் அப் என்று இருக்கும், அது தரும் உச்ச அளவுக்கு வைத்தேன். மூன்று கம்பி ஃபேனா, நாலு கம்பி ஃபேனா என்று பிளக்கைப் பாருங்கள். மூன்று கம்பி ஃபேன் வோல்டேஜைக் குறைத்தால்தான் மெதுவாகும். அந்த இணைப்பு, நாலாவது கம்பி வழியே வேகத்தைச் சொல்லும் பி.டபிள்யூ.எம். என்று அமைந்திருந்தால் எந்தக் கர்வ் போட்டாலும் முழு வேகத்தில்தான் சுற்றும். வோல்டேஜால் கட்டுப்படுத்தும் டி.சி. என்று மாற்ற வேண்டும். 'ஆட்டோ' என்று விட்டால் சில நேரம் தப்பாகக் கண்டுபிடிக்கும். "மென்பொருள் ஃபேனைக் கட்டுப்படுத்த மாட்டேங்குது" என்று என்னிடம் வந்த இரண்டு கணினியிலும் இதுதான் கோளாறு.

பயாஸுக்கும் குறை உண்டு. பயாஸ் அப்டேட் செய்தால் எல்லாம் அழிந்துபோகும். சேமித்த பழைய புரொஃபைல் புதிய பதிப்பில் ஏறாமலும் போகலாம். திரையைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நம் ஊர் மின்சாரம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபின் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்களுக்கு மின்சாரத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போய், வந்து, உடனே போய், வரும். கணினி எழும் நடுவில் இப்படி இரண்டு தடவை வெட்டினால், "ஓவர்கிளாக்கிங் ஃபெயில்ட்" என்று போர்டு சொல்லும், ஓவர்கிளாக் எதுவும் செய்யாதவருக்கும். எழ முயன்று தோற்றதை வைத்து அது அப்படி ஊகிக்கிறது. பயப்படாமல் உள்ளே போய் எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சேமித்தால் போதும். மின்சாரம் திரும்பினால் கணினி தானாக எழும் அமைப்பை பயாஸில் அணைத்துவிட்டு, ஒரு யு.பி.எஸ். வைத்துவிட்டால் இந்தச் செய்தியே வராது. நல்ல யு.பி.எஸ்.ஸுக்குப் பிறகும் அதே செய்தி வந்துகொண்டே இருந்தால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் திருகாணியைக் கழற்றுங்கள். நான் அன்று கேபினட்டைத் திறந்தபோது ஹீட்சிங்கின் முன் ஃபேனை எடுத்தால் அடியில் தகடுகளே தெரியவில்லை. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களின் தூசி ஊதினால் பறக்கும். கடல்காற்றில் ஊறிய தூசி பறக்காது. தேவனாம்பட்டினம் கடற்கரை என் அறையிலிருந்து அதிகத் தூரமில்லை. சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி தகடுகளின் முகப்பில் ஒட்டி, விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. பழைய பெயின்ட் பிரஷால் தகடுகளின் போக்கிலேயே மெதுவாக இழுத்தேன், முழுசாக ஒரு படலமாக உரிந்து வந்தது. பிறகுதான் பிளோயர். பிளோயர் அடிக்கும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும், சில நேரம் ஃபேனே மின்சாரம் உற்பத்தி செய்து போர்டுக்குள் அனுப்பும். புராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் மூன்று வருடத்தில் காய்ந்திருந்தது, புதிதாகப் போட்டேன். இந்த ஒரு மணி நேர வேலையில் முழுச் சுமையின்போது 8 டிகிரி குறைந்தது. எந்த மென்பொருளும் எனக்கு அவ்வளவு தந்ததில்லை.

அதனால்தான் கணினியோடு வந்த சின்னக் கூலரை வைத்துக்கொண்டு மென்பொருளில் வேகத்தை ஏற்றப் பார்ப்பவர்களிடம், முதலில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு நல்ல டவர் கூலரை வாங்கச் சொல்கிறேன். ரைசனும் சரி, இன்டெலும் சரி, சூடு இடம் கொடுத்தால் தாமே வேகத்தை ஏற்றிக்கொள்ளும்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. குளிர்ச்சியைக் கொடுப்பது தானியங்கி ஓவர்கிளாக்கிலேயே எளிமையானது, எதையும் கெடுக்காதது.

ஆளுக்கு ஆள் முடிவு மாறும். வீட்டில் பிள்ளைகள் கேம் ஆடும் கணினி, நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்றால் வேகத்தை விட்டுவிட்டு ஃபேன்கண்ட்ரோல் மட்டும் போடுவேன். கார்டின் சூட்டைக் கவனிப்பதுதான் அங்கே முக்கியம். அப்போதும் பயாஸில் ஒரு பாதுகாப்பான கர்வ் அடியில் இருக்க வேண்டும். டேலி ஓடும் கடைக் கணினிக்கு எதுவும் வேண்டாம், ஏ.சி. இல்லாத அறையென்றால் ரைசனில் ஈகோ மோட் போட்டுவிடலாம், 65 வாட் வகுப்பு 45 வாட் வகுப்பாக மாறும், பில் போடுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. புதிதாகச் சோதித்துப் பார்க்க ஆசையுள்ள மாணவர் என்றால் ரைசன் மாஸ்டரில் விளையாடிக் கற்றுக்கொள்ளட்டும், கிடைத்த எண்களைக் கடைசியில் பயாஸுக்கு மாற்றிவிட்டு மென்பொருளை நீக்கட்டும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் வேறெதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சில்லே நிரந்தரமாகத் தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் பயாஸ் அப்டேட்டாகத்தான் வருகிறது. அதைப் போடாமல் அவற்றில் தானியங்கி ஓவர்கிளாக் பட்டனைத் தொடவே கூடாது. ஏற்கெனவே தேய்ந்த சில்லை அந்த அப்டேட் சரிசெய்யாது, ஆகவே கேம்கள் காரணமில்லாமல் மூடிக்கொண்டால் பில்லைத் தேடி எடுத்து உத்தரவாதத்தில் கேளுங்கள்.

போன மாதம் பாண்டியில் இருக்கும் மச்சான் புதுக் கணினி வாங்கினார், ரைசன்தான். அசெம்பிள் செய்த கடையிலேயே முதல் தடவை ஆன் செய்யும்போது கூட நின்றேன். பயாஸில் நுழைந்து போர்டு மென்பொருளைத் தானாக இறக்கும் சுவிட்சை அணைத்தேன், எக்ஸ்.எம்.பி.யைப் போட்டேன், ஃபேன் கர்வை 60 வரை தட்டையாக்கினேன், மின்சாரம் வந்தால் தானாக எழும் அமைப்பை எடுத்தேன். "வேகத்தை ஏத்த வேண்டாமா மச்சான்?" என்று கேட்டார். ஒரு கத்திரி போகட்டும், சூடு எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு ஏற்றலாம் என்றேன்.